பத்து மாடியும் ஒறம்பரையும்

பெரியோர்களே, தாய்மார்களே, நடந்து போகிறவர்களே, டிவிஎஸ் ஐம்பதில் பனியன் மூட்டையோடு பறக்கிறவர்களே, ஒரு நிமிடம் வண்டியை ஓரங்கட்டுங்கள். 2007ஆம் ஆண்டு ஐப்பசி இருபத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு மேல் பன்னிரண்டு மணிக்குள், திருப்பூர் நகரமாகிறது. அதுவரை அது என்னவாக இருந்தது என்ற கேள்வியை யாரும் எழுப்ப வேண்டாம். நல்ல நாளும் அதுவுமாக அப்படிக் கேட்பது மரியாதையில்லை.

இதை அரசாங்கம் அறிவிக்கவில்லை. நகராட்சியை மாநகராட்சியாக்கும் பேச்சு சென்னையில் ஒரு பக்கம் நடந்துகொண்டிருந்தது. அது நடக்கும்போது நடக்கட்டும். இதை அறிவித்தவர் தரணி நிட்வேர்ஸ் முதலாளி ஈஸ்வரமூர்த்தி. அவரிடம் ஒரு பத்து மாடிக் கட்டடம் இருந்தது. அந்தத் தகுதி போதும் என்று அவர் நினைத்தார். எங்களுக்கும் போதும் போலத்தான் இருந்தது.

தொழில் செழித்துக் கட்டிய கட்டடம் அல்ல அது. அந்த வருடம் டாலர் நாற்பது ரூபாய்க்குக் கீழே இறங்கி, எக்ஸ்போர்ட்டர்கள் எல்லாம் ஒருவரையொருவர் துக்க வீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் மேலே போய்க்கொண்டிருந்தது ஈஸ்வரமூர்த்தியின் கட்டடம் ஒன்றுதான். அது மேலே போனதற்குக் காரணம் அவருடைய ஒரே மகன் தரணீதரன்.

தரணீதரனுக்கு வயது முப்பத்தொன்று. எம்.பி.ஏ. படித்தவன், சாது. அப்பா சொன்னால் உட்காருவான், அப்பா சொன்னால் எழுந்திருப்பான். அவனுக்குப் பதினேழு ஜாதகங்கள் பொருந்தி, பதினேழும் வந்த வழியே போயிருந்தன. கோயம்புத்தூர்ப் பெண்கள் போட்டோவைப் பார்த்ததும் சம்மதிப்பார்கள். முகவரியைப் பார்த்ததும் மேற்படிப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். பதினெட்டாவதாக வந்தவள் தேஜஸ்ரீ. கோயம்புத்தூரில் கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறவள். அவள் எங்கும் கிளம்பவில்லை. மாப்பிள்ளையை நேரில் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றாள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஓட்டலில், இரண்டு பக்கப் பெரியவர்களும் அடுத்த மேசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கேட்டாள்.

“உங்க ஊர் சிட்டிதானுங்களா?”

“அஞ்சு லட்சம் பேர் இருக்கறாங்க,” என்றான் தரணீதரன்.

“அதுல உங்கப்பாவைத் தெரியாதவங்க எத்தனை பேரு?”

அவன் நேர்மையாக யோசித்துப் பார்த்தான். “கஷ்டமுங்க.”

“எனக்கு மாடி, மால் எதுவும் வேண்டாமுங்க. தெருவுல நடந்து போறப்ப, அம்மிணி நீ யாரு ஊட்டுப் புள்ளைன்னு ஒருத்தரும் கேக்கக்கூடாது. அதுதான் எனக்குச் சிட்டி. அப்படி ஒரு இடம் உங்க ஊர்ல இருந்தாக் காட்டுங்க. நான் நேர்ல வந்து பாத்துட்டுச் சொல்றேன்.”

தரணீதரன் இதை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் ஒப்பித்தான். ஈஸ்வரமூர்த்திக்கு அதில் ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது.

“பொண்ணு சிட்டி கேக்குதா? பண்ணிப்போடலாம்.”

“அப்பா, அந்தப் புள்ள சொல்றது என்னன்னா…”

“எல்லாம் புரியுது. நீ போயி காண்ட்ராக்டரக் கூப்புடு.”

அப்போது காங்கேயம் ரோட்டில் அவருடைய கட்டடம் நாலு மாடியில் நின்றுபோயிருந்தது. அஸ்திவாரம் பத்து மாடிக்கு, மனசு நாலு மாடிக்கு. இப்போது மனசும் பத்தானது. எக்ஸ்போர்ட் ஆர்டரை எப்படி முடிப்பாரோ அப்படியே பத்து மாதத்தில் கட்டினார். சுவரில் ஒரு தேதியைச் சிவப்பில் எழுதி, ‘ஷிப்மெண்ட் டேட்’ என்றார். கொத்தனார்களுக்கு ஷிஃப்ட் போட்டார். அந்தத் தேதி ஜோசியர் கொடுத்தது. நவம்பர் பதினாறில் குரு பெயர்ச்சி, அதோடு பையனுக்குக் குரு பலன் போகிறது. அதற்கு முந்தின நாள், வியாழன், பத்தரையிலிருந்து பன்னிரண்டுதான் கடைசி நல்ல நேரம். விட்டால் இன்னும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் தேஜஸ்ரீ மேற்படிப்புக்குக் கிளம்பிவிட மாட்டாள் என்று ஜோசியரால்கூட உத்தரவாதம் தர முடியவில்லை.

ஆகவே ஏற்பாடு இதுதான். பெண் வீட்டார் அன்று மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள். பெண்ணும் வருவாள். வழக்கமில்லைதான், ஆனால் வருவாள். நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பத்தாவது மாடி ஹாலில் அவளை நிறுத்தி, கீழே ஊரைக் காட்டி, ‘இந்தா அம்மிணி சிட்டி’ என்று சொல்லி, பன்னிரண்டுக்குள் தட்டு மாற்றிக்கொள்வது.

கட்டடம் எழ எழ ஊருக்குப் பிடித்த கிறுக்கைச் சொல்ல வேண்டும். குண்டடத்திலிருந்து ஒரு கும்பல் கிடாவெட்டுக்கு வந்த வண்டியிலேயே இதைப் பார்க்கவும் வந்தது. சாலையோரம் வரிசையாக நின்று, அண்ணாந்து, கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை எண்ணினார்கள். பஸ் கண்டக்டர்கள் ‘டவர்ஸ் எறங்கு’ என்று கூவத் தொடங்கினார்கள். அப்படி ஒரு ஸ்டாப்பே கிடையாது. ஆனால் ஆள் இறங்கினார்கள். எதிரே ராக்கம்மாள் டீக்கடையில் தினமும் வாக்குவாதம்.

“வானத்த இடிச்சாத்தான் அதுக்குப் பேரு ஸ்கைஸ்க்ரேப்பர். இது எங்க இடிக்குது?”

“மழைக்காலத்துல மேகம் கீழ எறங்குமல்லோ, அப்ப இடிக்கும்.”

“பத்து மாடியெல்லாம் பாம்பேயில பால்காரன் ஊடுங்க.”

“நீ பாம்பே போயிருக்கறயா?”

“எங்க மச்சான் போயிருக்கறாரு.”

“இடிச்சா என்ன, இடிக்காட்டி என்ன,” என்றாள் ராக்கம்மாள். “டீ மூணு ரூவாதான். கிளாஸ வெச்சுப்போட்டுப் பேசுங்க.”

கட்டடத்தில் மாடிக்கு ஒரு வீடு. பெங்களூர்க்காரக் கம்பெனி ஒன்று மூன்றாவது மாடியை ஆபீசுக்குக் கேட்டது. டில்லி பேங்க் ஒன்று முதல் மாடியைக் கேட்டது. ஈஸ்வரமூர்த்தி இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஒறம்பரை இருக்கும்போது வெளியாளுக்குக் கொடுத்தால் நாளைக்கு ஒரு விசேஷத்தில் யார் முகத்தில் விழிப்பது? சொந்தபந்தத்தை எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒன்பது மாடியிலும் ஒறம்பரை. முதல் மாடி அக்கா பொன்னாத்தாள். இரண்டு பெரியப்பா மகன். மூன்று சின்ன மாமியார். நான்கு சகலை. இப்படிப் போய், ஆறாவது மாடி மனைவி முத்தாத்தாளின் அண்ணன், அதாவது மாப்பிள்ளைக்குத் தாய்மாமன், ஆறுமுகசாமி. பதின்மூன்று வருடத்துக்கு முன் ஒரு காதுகுத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பேச்சை நிறுத்தியவர். ஆறாவது மாடியைக் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்ததும், “ஏழாவது தரக்கூடாதா?” என்றார்.

நகரத்துக்கு வேண்டிய மற்ற அம்சங்களையும் ஈஸ்வரமூர்த்தி விடவில்லை. ஒன்று, வீட்டுக்கு வீடு இண்டர்காம். இரண்டு, கண்ணாடி லிஃப்ட். ரோட்டுப் பக்கம் கண்ணாடி, அது ஊர் பார்க்க. “கதவும் கண்ணாடியா இருக்கோணும். உள்ள இருக்கறவங்களும் பாக்கட்டும்,” என்றார். லிஃப்ட் கம்பெனிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பார்ட்டி கேட்கிறது, செய்துவிடுவோம் என்று பிறகு மூடிக்கொண்டார்.

லிஃப்டை ஓட்ட பிரிசில்லாவைப் போட்டார்கள். ஒன்பது வருடம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தவள்; பனியனில் ஊசி குத்திய ஓட்டையைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். மற்றவர்களெல்லாம் ஏழாவது மாடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட, அவள் ஒருத்திதான் பத்தாவது வரை போய், “லைட்டு ஒண்ணு கோணலா மாட்டியிருக்குதுங்க,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த வியாழக்கிழமையும் வந்தது. காலையிலிருந்தே டீக்கடை முன்னால் கூட்டம். வாழைமரம், சீரியல் லைட், நாதஸ்வரம். இரண்டு கார்களில் பெண் வீட்டார் பதினொரு பேர் இறங்கினார்கள். பெண்ணின் அப்பா கந்தவேல் மோட்டார் பம்ப் தயாரிக்கிறவர், எதையும் ஒருமுறை தட்டிப் பார்க்கிறவர். இறங்கியதும் தூணைத் தட்டிப் பார்த்தார்.

“கெட்டியா இருக்குதுங்க.”

“மேல வந்து பாருங்க சம்பந்தி,” என்றார் ஈஸ்வரமூர்த்தி. இன்னும் சம்பந்தியாகவில்லை, ஆனால் குரலில் பத்து மாடி இருந்தது. “ஒரே ஏத்தம். நாப்பது செகண்டு.”

லிஃப்டில் எட்டுப் பேர்தான். தேஜஸ்ரீ, கந்தவேல், அவர் மனைவி, அவர் அண்ணன், இந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தி, முத்தாத்தாள், தரணீதரன், இவர்களோடு பிரிசில்லா. மீதி ஏழு பேரைக் கீழே சோபாவில் உட்காரச் சொன்னார்கள், லிஃப்ட் இதோ திரும்பி வந்துவிடும் என்று. மணி பத்து முப்பத்தேழு. பிரிசில்லா பத்தாம் நம்பரை அழுத்தினாள். லிஃப்ட் எழும்பியது. வெளியே கூட்டம் ‘ஓ’வென்று கத்தியது. எனக்குத் தெரிந்து திருப்பூரில் ஒரு இயந்திரம் ஓடுவதைப் பார்த்து ஆட்கள் கைதட்டியது அன்றுதான். நானும் தட்டினேன்.

முதல் மாடியில் லிஃப்ட் நின்றது.

“ஏம்மா நிறுத்துன?”

“நான் நிறுத்துலீங்க மொதலாளி. வெளிய அமுக்கறாங்க.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பொன்னாத்தாள் நின்றிருந்தாள். பட்டுச்சேலை, கையில் ஆரத்தித் தட்டு, முகத்தில் இடி. கதவு திறந்தது.

“ஏண்டா ஈசு, அக்கா ஊட்டத் தாண்டித்தான் போவியா?”

“அக்கா, நீ மேலயல்ல இருக்கோணும்? எல்லாரையும் பத்தரைக்கு மேல வரச் சொல்லியிருந்தனே?”

“எப்பச் சொன்ன?”

“இண்டர்காமுல சொன்னனே.”

“அந்தக் கருப்புப் பொட்டியிலயா? ஊட்டுப் படியேறி வந்து, வெத்தல பாக்கு வெச்சு, ‘அக்கா வா’ன்னு கூப்புட்டியா? நானென்ன கம்பெனி லேபரா, பொட்டியில கூப்புட்டா ஓடியாற?”

ஈஸ்வரமூர்த்திக்கு முகம் வெளுத்தது. எங்கள் ஊரில் ஒறம்பரையை விசேஷத்துக்கு அழைப்பதென்றால் நேரில் அழைக்க வேண்டும். எதிர் வீடானாலும் செருப்பைக் கழற்றி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டு அழைக்க வேண்டும். போன தலைமுறையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பத்து மைல் போய் அழைத்தார்கள். பத்தடி உயரத்தில் இருக்கும் அக்காவை அழைக்க இவர் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார். இண்டர்காம் வாங்கியபோது இதை அவர் யோசிக்கவில்லை. யாருமே யோசிக்கவில்லை.

“சரி, இப்பக் கூப்புடறேன். வாக்கா.”

“லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டா? சம்பந்தி ஊட்டார் எங்க ஊட்டு வாசலுக்கு வந்துபோட்டுத் திரும்பிப் போறதா? உள்ள வாங்க எல்லாரும். சித்தெ உக்காந்துட்டுப் போலாம்.”

உட்கார்ந்தார்கள். காபி வந்தது, மைசூர்பாகு வந்தது, மிக்சர் வந்தது. பொன்னாத்தாள் தேஜஸ்ரீயின் கன்னத்தைப் பிடித்தாள். “அம்மிணி, நீ யாரு ஊட்டுப் புள்ள? உங்க அம்மாயி ஊரு எது?” தேஜஸ்ரீ பதில் சொன்னாள். தரணீதரன் காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நாற்பத்தொன்பதுக்கு லிஃப்ட் கிளம்பியது. பத்து ஐம்பதுக்கு இரண்டாவது மாடியில் நின்றது.

இனி ஒரு மாடியையும் தாண்ட முடியாது. அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் பெரியப்பா மகன் வீட்டைத் தாண்டினால் பத்து தலைமுறைக்கும் பகை. சாதாரணக் கதவாக இருந்தால் பார்க்காத மாதிரிப் போகலாம். கண்ணாடிக் கதவு வழியாக எப்படிப் போவது? உள்ளே இருப்பவர்கள் வெளியே பார்க்கட்டும் என்று செய்தது, வெளியே இருப்பவர்கள் உள்ளே பார்த்தார்கள். தட்டோடும் சொம்போடும் மாடிக்கு மாடி நின்று, எட்டிப் பார்த்து, பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொரு வீடும் கீழ்வீட்டை ஜெயிக்கவும் வேண்டியிருந்தது. முதல் மாடியில் காபி கொடுத்தார்கள் என்ற செய்தி இரண்டாவது மாடிக்கு முன்பே வந்துவிட்டது. இண்டர்காம் அதற்கு மட்டும் மிக நன்றாக வேலை செய்தது. ஆகவே அங்கே காபியோடு முறுக்கும் பாதாம் பாலும். மூன்றாவது மாடியில் இளநீர், அதிரசம், பணியாரம்.

வெளியே கூட்டம் கிரிக்கெட் ஸ்கோர்போலக் கேட்டுக்கொண்டிருந்தது. “எத்தன?” “மூணு!” “இன்னும் மூணேதானா?” “உள்ள போயிட்டாங்க!” “அட, வெளிய வாங்கய்யா, மணி பதினொண்ணு தாண்டிப் போச்சு!” யாரோ பந்தயம் கட்டினார்கள். ராக்கம்மாள் டீ போடுவதை நிறுத்திவிட்டு ரோட்டுக்கே வந்து நின்றாள்.

மூன்றாவது மாடியில் சின்ன மாமியாரும் பணியாரத் தட்டோடு தேஜஸ்ரீயின் பக்கத்தில் உட்கார்ந்து, “கண்ணு, நீ யாரு ஊட்டு…” என்று ஆரம்பித்தாள். தேஜஸ்ரீ கை கழுவ வேண்டும் என்று எழுந்துவிட்டாள். வெளியே லிஃப்ட் வாசலில் பிரிசில்லா நின்றிருந்தாள்.

“இந்த லிஃப்ட் நிக்காம மேல போகாதுங்களா?”

“அது போகுங்க. ஒறம்பரைதான் உடமாட்டாங்க.” பிரிசில்லா குரலைத் தாழ்த்தினாள். “பின்னால படி இருக்குதுங்க. இன்னும் பெயிண்டு அடிச்சு முடிக்கல. அப்படி ஒண்ணு இருக்கறதே மொதலாளிக்கு மறந்துபோச்சு.”

தேஜஸ்ரீ படியில் கால் வைத்தபோது பின்னால் செருப்புச் சத்தம். தரணீதரன். அப்பா சொல்லாமல் அவன் எழுந்து வந்தது அநேகமாக அதுவே முதல் தடவை.

“மன்னிச்சுக்குங்க. அவங்களுக்கு நல்ல மனசுங்க. ஆனா…”

“ஆனா ஒம்போது மாடி நல்ல மனசு. தாங்காது.”

அவன் சிரித்துவிட்டான். இரண்டு பேரும் ஏறினார்கள். சுவரில் பூச்சு மட்டும்தான், கைப்பிடி கிடையாது. ஐந்தாவது திருப்பத்தில் டைல்ஸ் போடுகிற வடக்கத்திப் பையன் ஒருவன் மூட்டையில் சாய்ந்து செல்போனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்தான், காலை மடக்கிக்கொண்டான், பேச்சைத் தொடர்ந்தான். ஏழாவதில் திருநெல்வேலிப் பெயிண்டர் இருவர் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாத்துப் போங்கக்கா. எடதுகைப் பக்கம் ஈரமா கெடக்கு,” என்றார் ஒருவர். “எல, வாளியத் தள்ளி வையி, வழிய மறிச்சிக்கிட்டு இருக்க.”

அவ்வளவுதான். யார், எந்த ஊர், எதற்குப் போகிறீர்கள், ஒன்றும் இல்லை. தேஜஸ்ரீ இரண்டு படி ஏறிவிட்டு நின்றாள்.

“பாத்தீங்களா?”

“எதை?”

“ஒருத்தரும் கேக்கல.”

தரணீதரன் திரும்பிப் பார்த்தான். பெயிண்டர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருந்தார். பத்து மாதமாக அவன் அப்பா தேடிய சிட்டி கைப்பிடி இல்லாத மாடிப்படியில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

பத்தாவது மாடிக்கு அவர்கள் வந்தபோது பதினொன்று இருபது. ஹாலில் நூறு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு குலை வாழைப்பழம், கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு ஜோசியர். “மத்தவங்க?” என்றார். “மூணாவது மாடி,” என்றான் தரணீதரன். ஜோசியர் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக்கு வெளியே ஊர் கிடந்தது. மொட்டைமாடிகளில் காய்கிற துணி, கருப்புத் தண்ணீர்த்தொட்டிகள், புகைபோக்கிகள், இடையில் விட்டுப்போன தென்னைகள், எறும்பு வரிசைபோல மூட்டை ஏற்றிய மொபெட்டுகள். அன்றைக்கு எந்த நாட்டுக்காரன் என்ன கலர் கேட்டிருந்தானோ, நொய்யல் ஆற்றில் சாயத்தண்ணீர் அந்தக் கலரில் இருந்தது. தேஜஸ்ரீ வெகுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது உங்க ஊரு. எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்து கலந்து கெடக்குது. உங்கப்பாதான் அதுக்குள்ள ஒரு கிராமத்தக் கொண்டாந்து நட்டு வெச்சிருக்கறாரு.”

“அப்ப வேண்டாமுங்களா?” என்றான். பதினெட்டாவதும் கிளம்புகிறது என்றே நினைத்துவிட்டான்.

“ஊரு வேணும். நீங்களும் பரவால்ல. இந்தக் கட்டடம் மட்டும் வேண்டாம். இங்க குடியிருக்க மாட்டேன். அத நீங்க உங்கப்பாகிட்டச் சொல்லோணும். நான் சொல்லக்கூடாது, நீங்க சொல்லோணும்.”

தரணீதரன் ஜோசியரைப் பார்த்தான். ஜோசியர் கடிகாரத்தைக் காட்டினார். பதினொன்று நாற்பத்தெட்டு.

“லிஃப்ட் எங்க நிக்குது?”

ஜோசியர் லிஃப்ட் கதவுக்கு மேலிருந்த சிவப்பு எண்ணைப் பார்த்தார். “ஆறு. அது அங்க நின்னு ஒம்பது நிமிசம் ஆகுது. ஆறு யாரு?”

“எங்க மாமா,” என்றான். பிறகு தட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். தேஜஸ்ரீ வாழைக்குலையை எடுத்துக்கொண்டாள். ஜோசியர் வேட்டியை மடித்துக் கட்டினார். மூன்று பேரும் படியில் இறங்கி ஓடினார்கள். பெயிண்டர்கள் மறுபடியும் வாளியை நகர்த்தினார்கள்.

ஆறாவது மாடியில் ஆறுமுகசாமி இலை போட்டிருந்தார். ஐந்து மாடிப் பலகாரத்தையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கந்தவேல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது தன் வயிற்றைத்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் முன்னாலேயே மேலே போய்விட்டதாகப் பிரிசில்லா சொல்லியிருந்தாள். ஈஸ்வரமூர்த்தி நின்றுகொண்டே கெஞ்சினார்.

“மச்சான், நேரமாகுது மச்சான். மேல வந்து பேசிக்கலாம்.”

“காதுகுத்துல இப்படித்தான் சொன்னீங்க. ‘நேரமாகுது, ரெண்டாம் பந்தில உக்காருங்க’ன்னு.”

“அது போயி பதிமூணு வருசமாச்சுங்க!”

“எனக்கு நேத்து மாதிரி இருக்குதுங்க. தாய்மாமன் ஊட்டுல கைய நனைக்காம மேல போயி நிச்சயம் பண்ணிருவீங்களா? பண்ணுங்க பாக்கலாம்.”

“அண்ணா, உங்க கால்ல உழுகறேன்,” என்றாள் முத்தாத்தாள்.

“நீ எதுக்கு அம்மிணி உழுகற? உங்க ஊட்டுக்காரரக் கேக்கறேன்.”

கதவு திறந்தது. தலையில் தட்டோடு மாப்பிள்ளை, இடுப்பில் குலையோடு பெண், மூச்சு வாங்கிக்கொண்டு ஜோசியர். ஈஸ்வரமூர்த்தி அப்படித் திகைத்து நின்று யாரும் பார்த்ததில்லை.

“மணி பதினொண்ணு அம்பத்திரெண்டுங்க,” என்றார் ஜோசியர்.

“அப்பா, இங்கயே மாத்திக்கலாம்,” என்றான் தரணீதரன்.

“இங்கயா? ஆறாவது மாடியிலயா?” ஈஸ்வரமூர்த்தியின் கண் மேலே போனது. மேலே நூறு நாற்காலி இருந்தது, நாலு பக்கக் கண்ணாடி இருந்தது, பத்து மாதம் இருந்தது. “லிஃப்டுல நாலு மாடிதாண்டா. இருபது செகண்டு.”

“ஏழு, எட்டு, ஒம்போதுல நிக்கறாங்கப்பா. எட்டிப் பாத்துட்டு வந்தேன். ஏழுல பிரியாணிங்க.”

கந்தவேல் இலையிலிருந்து முனகினார். அவர் அண்ணன் பெல்ட்டைத் தளர்த்தினார்.

“அம்பத்தஞ்சு,” என்றார் ஜோசியர்.

ஈஸ்வரமூர்த்தி மகனைப் பார்த்தார். மைத்துனரைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். குலையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, கலைந்த தலையோடு, கிளம்பிப் போகாமல் அங்கேயே நின்றிருந்தாள். பதினேழு பேரில் ஒருத்தியும் அவருக்கு முன்னால் இவ்வளவு நேரம் நின்றதில்லை.

“மச்சான்,” என்றார். “உங்க ஊட்டுலயே… நீங்களே முன்ன நின்னு நடத்திக் குடுங்க.”

ஆறுமுகசாமிக்குப் பதின்மூன்று வருடமும் அந்த ஒரு நொடியில் இறங்கிப்போனது. “ஏய், இலைய எடு! ஜமுக்காளத்தப் போடு! சம்பந்தி, எந்திரிங்க!” என்று அவர் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டது. கந்தவேலை இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்தார்கள். கீழ் ஐந்து மாடி ஒறம்பரையும் லிஃப்டில் மூச்சுமுட்ட வந்து சேர்ந்தது. மேல் மூன்று மாடி, கேள்விப்பட்டு, பிரியாணிக் குண்டாவோடு இறங்கி வந்தது. தரைத்தளத்துச் சோபாவிலிருந்த ஏழு பேரையும் நாதஸ்வரக் கோஷ்டியையும் பிரிசில்லா படி வழியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். ஜோசியர் விரலை உயர்த்தினார். பதினொன்று ஐம்பத்தெட்டு.

“அப்பா, ஒண்ணு சொல்லோணும். நாங்க இந்தக் கட்டடத்துல குடியிருக்க மாட்டோம்.”

“அதெல்லாம் அப்பறம். தட்டப் புடி!”

“நெசமாத்தான் சொல்றனுங்கப்பா!”

“புடிடா!”

தட்டு மாறியது. நாதஸ்வரக்காரர் கெட்டி மேளத்துக்குக் கை காட்டினார், அது கல்யாணத்துக்குரியது என்பதை மறந்து. வெளியே கூட்டத்துக்கு விஷயம் தெரிந்ததும் வெடி வெடித்தார்கள். “ஆறு! ஆறுலயே முடிஞ்சுது!” என்று எவனோ கத்திக்கொண்டு ரோட்டில் ஓடினான். பந்தயத்தில் ஜெயித்தவன். ராக்கம்மாள் அன்று அரை மணி நேரம் எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தாள். கேட்டால், “சிட்டியாயிருச்சல்லோ,” என்றாள். ஈஸ்வரமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் மேலே போய் ஹாலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். எல்லாரும் கட்டாயம் பார்க்கிறோம் என்று சொல்லி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கீழே போனார்கள்.

தை மாதம் கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும், இரண்டு பேர் வேலைக்கும் பாதி தூரம் என்று, திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவே, ஒறம்பரை ஒருத்தரும் இல்லாத சோமனூரில் ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக் குடிபோனார்கள்.